அப்பா அவித்த நெல்லை ஊறப்போட்ட வருஷம்

என் அப்பா ஒரு வருஷம் அவித்த நெல்லை விதைக்கு ஊறப்போட்டார்.

எங்கள் பக்கத்து விவசாயி யாரிடம் இதைச் சொன்னாலும் முதலில் சிரிப்பார். சிரித்து முடித்த பிறகுதான் "அடப் பாவமே" என்பார். நெல்லோடு பழக்கம் இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். வீட்டுச் சாப்பாட்டுக்கான நெல்லை ஊறவைத்து, அண்டாவில் அவித்து, வெயிலில் காயவைத்து, பிறகு மில்லுக்கு அனுப்புவோம். அதுதான் புழுங்கல் அரிசி. விதை நெல்லையும் ஊறத்தான் வைப்போம், ஆனால் அவிக்க மாட்டோம். ஒரு நாள் தண்ணீரில் கிடந்ததைச் சாக்கில் கட்டி, மேலே வைக்கோலைப் போட்டு மூடிவைத்தால், அடுத்த இரண்டு நாளில் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். அதைக் கொண்டுபோய் நாற்றங்காலில் தெளிக்க வேண்டும். அவித்த நெல்லில் உயிர் கிடையாது. ஒரு மாதம் ஊறவைத்தாலும் நாறுமே தவிர முளைக்காது. பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். கையில் அள்ளினால் வித்தியாசம் தெரியும், மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் நன்றாகத் தெரியும். விழிதியூரில் பிறந்து, அறுபத்தெட்டு வயது வரை அந்த ஊர்ச் சேற்றில் கால் வைத்த மனிதருக்கு அது தெரியாமல் போக வாய்ப்பே இல்லை.

அதனால்தான் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சிரிப்பில்தான் ஆரம்பிக்க வேண்டும். அவர் கரண்டு ஆபீஸில் லைன்மேனாக இருந்தார். மிச்ச நேரத்தில் எங்களுடைய ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலத்தைப் பார்த்துக்கொண்டார். எந்தக் கம்பத்தில் ஃபியூஸைப் பிடுங்கினால் எந்தத் தெரு அணையும் என்பது சுற்றுவட்டாரத்துக்கே அவருக்கு மனப்பாடம். யார் வீட்டு சர்வீஸ் ஒயர் எந்த வருஷம் மாற்றியது என்றுகூடச் சொல்வார். கரண்டு போனால் சைக்கிளை மறித்து "எப்ப வரும்?" என்று கேட்பார்கள். அப்பா முகத்தை ரொம்பக் கவலையாக வைத்துக்கொண்டு, கிளம்பிவிட்டது, நிரவியைத் தாண்டிவிட்டதாம், எதிர்க்காற்று என்பதால் கொஞ்சம் மெதுவாக வருகிறது என்பார். கேட்டவர் தலையாட்டிவிட்டு நாலு எட்டு நடந்த பிறகுதான் திரும்பிப் பார்ப்பார்.

எனக்கு ஏழு வயதில் ஒரு முறை குடும்பத்தோடு புதுச்சேரிக்கு பஸ்ஸில் போனோம். காரைக்காலில் இருந்து போனால் நண்டலாற்றைத் தாண்டியதும் தமிழ்நாடு வந்துவிடும். நம் மாநிலத்தில் ஏறி, அடுத்த மாநிலத்தைக் கடந்து, மறுபடி நம் மாநிலத்தில் இறங்குகிற விசித்திரம் எங்களுக்கு உண்டு. பாலம் வருவதற்கு முன் அப்பா என் காதில், "பாப்பா, குனிஞ்சுக்க. ஒன் பாஸ்போர்ட்ட எடுத்துட்டு வர மறந்துட்டேன்" என்றார். நான் சீட்டுக்கு அடியில் புகுந்துகொண்டேன். அம்மாவின் கால் விரலில் என் மூக்கு இடித்துக்கொண்டிருந்தது. தரங்கம்பாடி தாண்டும் வரை மூச்சுவிடவில்லை. வெளியே வந்தபோது பஸ்ஸே சிரித்துக்கொண்டிருந்தது. அப்பா மட்டும் சிரிக்காமல், காட்டிக்கொடுக்காமல் இருந்ததற்குக் கண்டக்டரிடம் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு முழுத்தாளில், தங்கள் நாட்டுக்குள் நுழைய அனுமதி வேண்டி அடியேன் சமர்ப்பிக்கும் மனு என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு, கூடத்தில் கைகட்டி நின்றார். அனுமதி கொடுத்துவிட்டேன். வேறு என்ன செய்வது?

நான் பயந்த சுபாவம். காரைக்கால் டவுனில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு கோப்பை மூன்று முறை படிக்காமல் மேலே அனுப்ப மாட்டேன். கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் ஸ்கூட்டரைத் திருப்புகிறவள். சின்ன வயதில் புயல் அடித்து ஓய்ந்த ஒவ்வொரு முறையும் அப்பா நாள்கணக்கில் கம்பத்தில்தான் இருப்பார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அவர் சைக்கிள் தெரியும் வரை தெருமுனையில் நிற்பேன். வந்ததும், கரண்டு தன்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இந்த ஆள் வேண்டாம் என்று அனுப்பிவிட்டதாகச் சொல்வார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும். அப்போது ஆரம்பித்தது. அப்பா ஒன்று சொல்லிச் சிரிக்கவைத்தால், அதன் அடியில் ஏதாவது ஆபத்து ஒளிந்திருக்கிறதா என்று நான் தேடுவேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அந்த ஒரு வருஷம்தான் தேடாமல் விட்டுவிட்டேன்.

அது புரட்டாசி ஆரம்பம். ஆற்றில் தண்ணீர் வந்து, நாற்றங்காலை உழுது பரம்படித்துத் தயாராக வைத்திருந்தார்கள். அம்மா திருநள்ளாற்றில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய் ஒரு வாரமாகியிருந்தது. விதை ஊறப்போடுவதற்கெல்லாம் அப்பாவுக்கு அம்மா தேவையில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை என்று ஊருக்குப் போயிருந்தேன். இருபது வருஷமாக எங்கள் வயலைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் இருக்கிறார். அவர் மூட்டையைத் தூக்கிப் போக வந்தார். கொல்லையில் வைக்கோலை விலக்கி, சாக்கின் வாயைப் பிரித்து, உள்ளே கையை விட்டார். விட்ட கையை வெளியே எடுக்காமல் அப்பாவைப் பார்த்தார்.

"அண்ணே, இது அவிச்ச நெல்லுங்க."

ஒரு பதிலுக்கு அப்பா அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. பிறகு அவரும் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார்.

"தெரிஞ்சுதான்டா போட்டேன். இந்த வருஷம் நேரா புழுங்கலாவே வெளையட்டும். வீட்டுல அவிக்கிற வேல மிச்சமாவும்ல."

மூட்டை தூக்க வந்தவர் சிரித்துச் சிரித்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாற்றங்கால் வேலைக்கு வந்திருந்த இரண்டு பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். விதை மூட்டை, சாமான் அடுக்கும் காமிரா அறையின் மூலையில், அவர் கையாலேயே வாயில் சிவப்புத் துணி கட்டி அடையாளம் வைத்தபடி அப்படியே இருந்தது. அதை எடுத்து உடனே ஊறப்போட்டோம். நாற்று விடுவது மூன்று நாள் தள்ளிப்போனது, அவ்வளவுதான். பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஆனால் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது அப்பா பம்படிக்குப் போனார். கையைக் கழுவி விரல்களை மோந்து பார்த்தார். மறுபடி கழுவினார், மறுபடி மோந்தார். நான் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் சிரித்தேன்.

அந்தக் கதை ஊரெல்லாம் பரவியது. பரப்பியவர் அப்பாவேதான். டீக்கடையில் அவரே நடித்துக் காட்டினாராம். கருக்களாச்சேரியிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாள், கூடையை இறக்கிவைக்கும் முன்பே, வயலில் சோறு கதிர் விட்டுவிட்டதா என்று விசாரித்தாள். குழம்பும் சேர்ந்தே விளைந்தால் உனக்குத்தான் வியாபாரம் போய்விடும் என்று அப்பா அவளை எச்சரித்தார்.

அடுத்த ஞாயிறு அம்மா வந்திருந்தாள். அவள் மத்தி ஆய்ந்துகொண்டிருக்க, நான் எதிரே உட்கார்ந்து அந்தக் கதையை முதலிலிருந்து சொன்னேன். அப்பாவின் குரலில், அந்த முகபாவத்தோடு சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. அரிவாள்மனையில் அவள் கை நின்றுவிட்டது.

"இது மொத தடவ இல்லம்மா."

நான் சிரித்த வாயை மூட மறந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா குரலைத் தாழ்த்தி ஒவ்வொன்றாகச் சொன்னாள். நிரவிக் கடைத்தெருவுக்கு என்று போனவர், எதற்குப் போனோம் என்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்பி வந்து, கடைத்தெருவுக்கு அட்டெண்டன்ஸ் போட்டுவிட்டு வந்தேன் என்றாராம். காலையில் மாத்திரை போட்டுவிட்டு அரை மணியில் மறுபடி போட வந்தாராம். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவர், "அண்ணன் இன்னும் வரலையா?" என்று கேட்டாராம். பெரியப்பா செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. அம்மா திகைத்து நின்றதும், சுதாரித்துக்கொண்டு, அவன் பங்கு மீனையும் எனக்கே வை என்று சொன்னேன், வேறொன்றுமில்லை என்றாராம். இப்படி ஒரு வருஷமாக நடக்கிறதாம்.

ஒரு வருஷமா, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். சொன்னால் நீ தூங்க மாட்டாய் என்றாள் அம்மா. பயந்தவள் என்று பெயர் எடுத்தால் வீட்டில் எல்லாரும் நம்மிடம் நல்ல செய்தியை மட்டும்தான் சொல்வார்கள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் தினமும் காலையில் போன் செய்து, பேச்சோடு பேச்சாகக் கேள்விகளைச் செருகினேன். இன்றைக்கு என்ன கிழமை, நேற்று யார் வந்தார்கள், காலையில் என்ன பலகாரம். இரண்டாம் நாளே அவர் கண்டுபிடித்துவிட்டார். தாசில்தார் விசாரணை முடிந்ததா, நான் கையெழுத்துப் போட வரட்டுமா என்று கேட்டார். நான் கேட்ட மூன்று கேள்விக்கும் அதில் பதில் இல்லை என்பதைப் போனை வைத்த பிறகுதான் கவனித்தேன்.

எது விளையாட்டு, எது மறதி என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. சட்டையை உள்வெளியாகப் போட்டுக்கொண்டு வந்தார். தீபாவளிக்குத் தீபாவளி எங்களைச் சிரிக்கவைக்க அவர் செய்கிற வேலைதான் அது. டீயில் உப்பைப் போட்டார். கல்யாணமான புதிதில் அம்மாவைச் சீண்ட அவர் செய்த சேட்டைதான் அதுவும். என் மகளை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் ஏதாவது அடம்பிடித்தால் அப்படிக் கூப்பிட்டுக் கிண்டல் செய்வது வழக்கம். ஆனால் அன்று அவள் அடம் எதுவும் பிடிக்கவில்லை, சும்மா உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். நான் ஒவ்வொன்றையும் ராத்திரி படுத்துக்கொண்டு எடைபோட்டுப் பார்ப்பேன். என் கணவர், நீ அப்பாவைப் பார்க்கப் போகிறாயா, தணிக்கைக்குப் போகிறாயா என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை.

இன்னும் கேவலமாக ஒன்று செய்தேன். அக்கம்பக்கத்தில் ஃபியூஸ் போனால் இன்றும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். இனிமேல் கூப்பிடாதீர்கள் என்று நானே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். சொன்னது அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. எப்போதும் ஜன்னல் ஆணியில் தொங்கும் டெஸ்டரை எடுத்துப் பீரோவுக்குள் வைத்துவிட்டார் என்று அம்மா சொன்னாள்.

ஒரு ஞாயிறு பொறுமை போய்விட்டது. வயலில் களை எடுத்தாயிற்றா என்று கேட்டேன். களை எல்லாம் சங்கம் வைத்துப் பேச்சுவார்த்தைக்கு வந்திருக்கிறது என்றார். மறுபடி கேட்டேன். வேறொரு கோமாளித்தனம் செய்தார்.

"அப்பா, ஒரு தடவையாவது ஒழுங்கா பதில் சொல்லுப்பா" என்று கத்திவிட்டேன்.

அவர் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நேராக உட்கார்ந்தார். "சரி பாப்பா. கேளு" என்றார்.

எனக்குக் கேட்க ஒன்றும் வரவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பி, அரசலாற்றுப் பாலம் வரைக்கும் அழுதுகொண்டே போனேன்.

தை மாதம் அறுவடை முடிந்ததும் புதுச்சேரியில் ஒரு நரம்பு டாக்டரிடம் நாள் வாங்கினேன். அம்மாவுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது என்பதால் நானும் அப்பாவும் மட்டும் போனோம். எதற்குப் போகிறோம் என்று அவரிடம் மறைக்கவில்லை. எனக்கு மண்டைக்குள் என்ன இருக்கிறது என்று உன் அம்மா நாற்பத்தைந்து வருஷமாகக் கேட்கிறாள், படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டிவிடலாம் என்றார்.

நண்டலாறு நெருங்க நெருங்க நான் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தாறு வருஷத்தில் அந்தப் பாலத்தை நாங்கள் சேர்ந்து எத்தனை முறை கடந்திருப்போம்! ஒரு முறைகூட அவர் அந்தப் பாஸ்போர்ட்டைச் சொல்லாமல் விட்டதில்லை. நான் கல்லூரிக்குப் போனபோது சொன்னார், கல்யாணமாகிப் போனபோது மாப்பிள்ளையிடம் சொன்னார், பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தபோதும் சொன்னார். பாலம் வந்தது. அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பாலம் முடியப்போகிறது. எனக்கு என்ன தோன்றியதோ, நாற்பத்து மூன்று வயதில், பஸ் நிறைய ஆட்கள் இருக்க, சீட்டில் உட்கார்ந்தபடியே நன்றாகக் குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

"என்னா பாப்பா தேடுற?" என்றார் அப்பா.

"செருப்புப்பா" என்றேன்.

அவரும் கூடக் குனிந்து, என் செருப்பைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். நல்ல மாதிரி. முதலில் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். நீங்கள் லீவு போடாத கிழமை என்றார் அப்பா. டாக்டர் சிரித்தார். முதலமைச்சர் யார் என்று கேட்டார். வருகிற வழியில் இரண்டு பேர் இருக்கிறார்கள், உங்களுக்கு எவர் வேண்டும் என்றார் அப்பா. நம் ஊர்க்காரர்தான் என்றார் டாக்டர். அவர் என் பெயரை ஞாபகம் வைத்திருந்தால் நானும் அவர் பெயரைச் சொல்கிறேன் என்றார் அப்பா. பக்கத்தில் நின்ற நர்ஸும் சிரித்துவிட்டார். அந்த அறையில் சிரிக்காமல் இருந்தது நான் ஒருத்திதான். ஒரு கேள்விக்கும் இன்னும் பதில் வரவில்லை என்பதை நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிறகு டாக்டர் மூன்று வார்த்தைகளைச் சொன்னார். மாம்பழம், சாவி, கப்பல். இவற்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பேன் என்றார். ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். அப்பா வட்டத்தை அழகாகப் போட்டார். எண்களை ஒன்றிலிருந்து எழுத ஆரம்பித்தார். பன்னிரண்டும் வட்டத்தின் ஒரே பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மறுபக்கம் வெறுமையாக இருந்தது. அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அரை நாள் லீவுங்க" என்றார். இந்த முறை டாக்டர் சிரிக்கவில்லை.

"அய்யா, நான் மூணு வார்த்த சொன்னேன்ல, அதச் சொல்லுங்க."

அப்பா வாயைத் திறந்தார். நான் ஒரு வேடிக்கைப் பேச்சுக்காகக் காத்திருந்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக, எதையாவது சொல்லிச் சமாளித்துவிடேன் அப்பா என்று மனதுக்குள் கெஞ்சினேன். அதுவும் வரவில்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பரீட்சையில் விடை தெரியாத பிள்ளை பக்கத்துப் பெஞ்சைப் பார்க்குமே, அந்தப் பார்வை. என் உதடு தானாக அசைந்துவிட்டது.

"நீங்க சொல்லக் கூடாதும்மா" என்றார் டாக்டர்.

எனக்கு அந்த மூன்று வார்த்தைகளும் இன்றுவரை மறக்கவில்லை.

படம் எடுத்துப் பார்த்தார்கள். இது ஆரம்பம்தான், ஆனால் ஆரம்பித்துவிட்டது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். மாத்திரை அதை மெதுவாக்கும், நிறுத்தாது. அவரை எதுவும் செய்யவிடாமல் உட்காரவைத்துவிடாதீர்கள், அது இதைவிட மோசம் என்றார். பீரோவுக்குள் போன டெஸ்டர் என் நினைவுக்கு வந்தது. வாசலில் பெஞ்சில் அப்பா பக்கத்து ஆளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. கடலூர் தாண்டும் வரை, டாக்டர் என்ன சொன்னார் என்று அவர் கேட்டால் எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்று நான் வாக்கியங்களை அடித்துத் திருத்திக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை.

"அந்த அவிச்ச நெல்லு இருக்குல்ல பாப்பா" என்று ஆரம்பித்தார். "மூட்டையக் கட்டுறப்பவே மூக்குல ஏறுச்சு. ஏதோ வாடை அடிக்குதேன்னு தெரியுது. என்னான்னுதான் தெரியல. ரெண்டு நாளும் போயிப் போயி மோந்து பாத்தேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை மாதமும் பயந்தது நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வைக்கோல் மூடிய மூட்டைக்குப் பக்கத்தில், வீட்டில் யாரும் இல்லாமல், இரண்டு நாள் அவர் தனியாகப் பயந்திருக்கிறார். பயந்ததை யாருக்கும் தெரியாமல் துடைத்துவிட்டு, எங்களுக்குச் சிரிப்பை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

"பயமா இருந்துச்சாப்பா?"

"இருந்துச்சு. நீங்கள்லாம் சிரிச்சீங்க பாரு, அப்பறம் இல்ல. வேணும்னேதான் பண்ணிருக்கேன்போலன்னு எனக்கே தோணிப்போச்சு."

கொஞ்ச தூரம் போன பிறகு மறுபடி பேசினார். "நான் ஏதாவது ஏடாகூடமா சொன்னா ஒன் மூஞ்சி போவுது பாரு, அதப் பாத்துதான் நான் தப்பா சொல்லிட்டேன்னே எனக்குத் தெரியுது. இனிமே அப்படி பாக்காத பாப்பா. சிரிச்சுடு."

"எப்படிப்பா சிரிக்கிறது?"

"சிரிச்சுடு. நீ சிரிச்சா, ஏதோ நல்லாத்தான் பேசியிருக்கேன்னு நெனச்சுக்கிட்டு இருந்துட்டுப் போறேன்."

உலகத்தில் இருப்பதிலேயே எனக்கு வராத ஒன்றைத்தான் அவர் கேட்டார். எனக்கு அழத் தெரியும், கத்தத் தெரியும், ராத்திரி முழுக்க விழித்திருக்கத் தெரியும். பயத்தை வைத்துக்கொண்டு சிரிக்க அவருக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. அது அவ்வளவு பெரிய வேலை என்பதே அன்றுவரை எனக்குத் தெரியாது. சரிப்பா என்று சொல்லிவைத்தேன்.

ஊருக்குப் போனதும் முதல் வேலையாக அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய், ஃபியூஸ் போனால் அப்பாவையே கூப்பிடுங்கள், அவர் பக்கத்தில் நின்று சொல்லட்டும், வேறு ஆள் கை வைக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். நாற்றங்காலுக்கும் அப்படித்தான் ஏற்பாடு. வயலைப் பார்த்துக்கொள்பவர் விதையை அப்பாவிடம் நீட்டி, சரியா அண்ணே என்று கேட்டுக்கொண்டுதான் ஊறப்போடுகிறார். சிரிப்பதுதான் கைகூடவில்லை. கண்ணாடி முன்னால் நின்றுகூடப் பார்த்தேன். பல்வலிக்காரி மாதிரி இருந்தது.

போன வாரம் அலுவலகத்தில் இருந்தபோது அப்பா போன் செய்தார். எடுத்ததும், "சாப்பிட்டியா பாப்பா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். வெயிலைப் பற்றிப் பேசினார். "சாப்பிட்டியா?" என்றார். சாப்பிட்டேன்ப்பா என்றேன். அம்மாவின் முட்டிவலி பற்றிச் சொன்னார். "சரி, சாப்பிட்டியா?" என்றார்.

நான் சிரித்தேன். தொண்டையிலிருந்து, பொய்யாக, ஒரு மாதிரி சிரித்தேன். பிடிபட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பிறகு அப்பாவும் சிரித்தார்.

"என்னா, நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"நல்லா இருந்துச்சுப்பா."

"இன்னொன்னு சொல்லட்டா?"

"சொல்லுப்பா."

அவர் யோசித்தார். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். மேஜைமேல் கோப்பு திறந்தபடி இருந்தது.

"சாப்பிட்டியா?" என்றார் அப்பா.

அது மறதியா, விளையாட்டா என்று எனக்குத் தெரியவில்லை. எடைபோட்டுப் பார்க்கவும் தோன்றவில்லை. பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன்.